நாலு மணி டீச்சர்

கல்வித்துறை அதிகாரி குவான் ஹுய்லான் வீட்டு முன்கதவை உள்ளே தாழிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். ஹுய்லானின் கைபேசியைக் கேட்டு வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமையானா நாலு மணிக்கு உங்க வீட்டுக்கு இங்கிலீஷ் டீச்சர் வர்றாங்கன்னு புகார் வந்திருக்கு. வரட்டும், நானே கதவைத் திறக்கறேன்" என்றார்.

சீன அரசு வீட்டு டியூஷனைத் தடை செய்ததிலிருந்து ஊர் முழுக்க இந்தக் கண்ணாமூச்சிதான். பிடிபட்டால் டீச்சருக்குப் பள்ளி வேலை போய்விடும். ஹுய்லானின் மகள் ரூயிக்கு அடுத்த மாதம் தேர்வு. இந்த டீச்சரை விட்டால் வேறு யாரும் துணிந்து வரமாட்டார்கள்.

குவானுடன் ஷென் என்ற பள்ளி ஆசிரியையும் வந்திருந்தார். இப்படிப்பட்ட சோதனைகளுக்குத் துணையாக ஆசிரியர்களை அனுப்பிவிடுகிறார்கள். பாவம், விடுமுறையிலும் வேலை. மழையில் அறை இருட்டிக்கொண்டு வந்தது. ஷென் எழுந்து, திரைச்சீலைக்குப் பின்னால் கையை விட்டு சுவிட்சைத் தட்டி விளக்கைப் போட்டார்.

ஹுய்லான் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். எலிப்பொறி வைத்துவிட்டுக் காத்திருப்பவர் போல குவான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கோப்பையைத் தொடவில்லை. மேசையில் வினைச்சொற்களை வைத்து வாக்கியம் எழுதிக்கொண்டிருந்த ரூயி தலையைத் தூக்கவே இல்லை.

"உன் டீச்சர் பேரு என்ன கண்ணு?" என்று குவான் குழைந்தார்.

மூச்சுவிட்டால் போச்சு. ஹுய்லான் மகளையே பார்த்தாள். ரூயி பென்சிலைக் கடித்துவிட்டு அடுத்த வாக்கியத்தை எழுதத் தொடங்கினாள்.

நாலு மணி ஆயிற்று, நாலரையும் ஆயிற்று. யாரும் வரவில்லை. எரிச்சலான குவான் ரூயியின் தாளைப் பிடுங்கி ஷென்னிடம் நீட்டி, டீச்சர் யாராவது திருத்தியிருக்கிறாரா என்று பார்க்கச் சொன்னார்.

ஷென் படித்துவிட்டுச் சிரித்தார்.

"விளக்கை 'ஓபன்' பண்ணுன்னு எழுதியிருக்கா, தலைவரே. நம்ம சீனத்துல கதவைத் திறக்கறதுக்கும் விளக்கைப் போடறதுக்கும் ஒரே சொல்லுதானே, அதை அப்படியே இங்கிலீஷ்ல போட்டுட்டா. டீச்சர் வச்சுப் படிக்கிற பொண்ணு இந்தத் தப்பைப் பண்ணுமா?"

குவானுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கைபேசியைத் திருப்பிக் கொடுத்து, தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லிவிட்டு ஷென்னுடன் லிஃப்டைப் பிடிக்க நடந்தார்.

குடையை மறந்துவிட்டதாகச் சொல்லி ஷென் மட்டும் திரும்பி வந்தார். கதவைச் சாத்தினார். நேரே ரூயியிடம் போய் அவள் காதைத் திருகினார்.

"மூணு வாரமா தொண்டை கிழியச் சொல்லிக் குடுக்கறேன், இன்னும் அதே தப்பா?"