கீரைப் பப்ஸ் சொல்லிக் கொடுத்தவள்

"அவ பேரு என்ன?" என்று கேட்டாள் ஐவி. மைதா மாவைச் சப்பாத்திக் கட்டையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

"எவ பேரு?" என்றான் லூயிஸ்.

"உங்களுக்கு இந்தக் கீரைப் பப்ஸ் செஞ்சு போட்டவ பேரு."

"பப்ஸ் இல்லை ஐவி, ஸ்பனகோபிதா. கிரீஸ்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

"பலகாரத்துப் பேரு நல்லா ஞாபகம் இருக்கு. ஆள் பேருதான் மறந்துபோச்சு."

லூயிஸ் சமையலறைக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

கிரேக்கச் சரக்குக் கப்பல் ஒன்றில் ஆபீஸ் கிளார்க் என்று சொல்லித்தான் அவனுக்குப் பெண் கேட்டார்கள். ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டரான ஐவியின் அப்பா அதைக் கேட்டுப் பூரித்துப்போய், சாந்தோம் கோயிலில் கல்யாணத்தை நடத்தி வைத்தார். அது நடந்து ஒன்றரை வருஷம். அதில் முக்கால்வாசி நாள் அவன் கடலில் இருந்தான். இப்போது ஆறு வார லீவில் வந்திருக்கிறான். திங்கட்கிழமை மறுபடியும் கிளம்ப வேண்டும்.

வந்த அன்றைக்குத் தட்டில் அரைக்கீரையைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி கீரையில சீஸ் கலந்து, மாவுல மடிச்சு ஒண்ணு செய்வாங்க பாரு" என்று ஆரம்பித்தான்.

"யாரு செய்வாங்க?" என்று ஐவி கேட்டதும் முகம் மாறி, மோர் கொண்டுவரச் சொன்னான்.

அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை. எங்கோ ஒரு துறைமுகத்தில், முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரி ஐவியின் புருஷனுக்கு அதைத் தட்டில் எடுத்து வைக்கிறாள். அவள் செய்ததைவிட ஒரு படி மேலாகச் செய்து காட்டாமல் இவனைக் கப்பலேற விடுவதில்லை என்று ஐவி முடிவு செய்தாள். முதல் தடவை செய்தது ரப்பர் மாதிரி வந்தது. இரண்டாவது தடவை அடியெல்லாம் சொதசொதவென்று ஆகிவிட்டது. இது மூன்றாவது.

"வதக்கின கீரையைத் துணியில கட்டி ஒட்டப் பிழி. தண்ணி நின்னா அடி நமுத்துப்போகும்" என்றான் லூயிஸ்.

"பிழிஞ்சாச்சு."

"நேத்து பாலைத் திரிச்சு உப்புப் போட்டுக் கட்டி வச்சியே, அதை உதிர்த்து அதுல கல. மாவு இன்னும் மெல்லிசா வரணும். கீழ பேப்பரை வச்சா எழுத்து தெரியணும்."

கட்டை நின்றது. "பக்கத்துலயே நின்னு பார்த்திருக்கீங்க."

"மடிப்புக்கு மடிப்பு வெண்ணெய் தடவணும், மறந்துடாதே."

"எத்தனை மடிப்பு?"

"ஏழு."

கொஞ்சமும் யோசிக்காமல் வந்த அந்தப் பதில்தான் ஐவியைச் சுட்டது. எத்தனை நாள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் இப்படி வாயில் வரும்?

"மாதா மேல சத்தியமா சொல்லுங்க. அங்க ஒருத்தி இருக்காளா?"

"மாதா சத்தியமா இல்லை."

"அப்ப இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

லூயிஸ் கடிகாரத்தைப் பார்த்தான். "பவுல்சாமி வர்ற நேரமாச்சு. சோடா வாங்கிட்டு வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஐவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குண்டானில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, தட்டை உள்ளே இறக்கி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டாள். கட்டிலுக்கடியில் அவளுடைய பெட்டி பாதி அடுக்கியபடி இருந்தது. விஷயம் உண்மையென்றால் இன்றைக்கே அடையாறில் அப்பா வீட்டுக்குப் போய்விடுவது என்று இருந்தாள்.

பவுல்சாமி அதே கப்பலில் வேலை செய்பவன். ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான். ஐவி சுடச்சுட இரண்டு துண்டு எடுத்து வைத்தாள். பொன்னிறமாக, தொட்டாலே உதிரும்படி வந்திருந்தது.

ஒரு வாய் கடித்தவன், "கப்பல்ல துன்ற மாதிரியே கீதும்மா, தங்கச்சி" என்றான்.

ஐவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "கப்பல் வரைக்கும் கொண்டுவந்து குடுக்கறாளா அண்ணே?"

"யாரும்மா?"

"மறைக்காதீங்க. கரையில இறங்கினா இவர் யார் வீட்டுக்குப் போறார்?"

"இவன் எங்க எறங்கறான்? நாங்கதான் ஊரைச் சுத்திக்கினு வருவோம். இவன் கப்பலை விட்டே வர மாட்டான்."

"ஆபீஸ்ல அவ்வளவு வேலையா?"

லூயிஸ் சோடா பாட்டில்களுடன் வாசலில் வந்து நின்றதைப் பவுல்சாமி கவனிக்கவில்லை.

"ஆபீஸா? இன்னாம்மா சொல்ற? முப்பது பேருக்கு மூணு வேளையும் ஆக்கிப் போடறவனுக்கு ஏது ஆபீஸ்? கேப்டன் வாயால சொன்னதைக் கேட்டே இந்தக் கீரை ரொட்டியைக் கத்துக்கினான். இதுக்காகவே அவரு இவனை வேற கப்பலுக்கு வுட மாட்டேங்கறாரு."

லூயிஸ் தலையைக் குனிந்துகொண்டான். "குசினிக்காரன்னு சொல்லியிருந்தா உங்கப்பா பொண்ணு குடுத்திருப்பாரா, ஐவி?"

ஐவி அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கோபம் துளிகூடத் தணியவில்லை.

"முப்பது ஆம்பளைங்களுக்கு மூணு வேளை ஆக்கிப் போட்டிருக்கீங்க. கட்டின பொண்டாட்டிக்கு ஒரு நாள் ஒரு டம்ளர் காபி கலந்து குடுத்திருப்பீங்களா?"