கையைக் காட்டு

சமையலறையில் கண்ணாடி ஜாடி விழுந்து சிதறியது.

“நகராதே! கால்ல குத்தும். அப்படியே நில்லு.”

“வேணும்னு செய்யல. தூக்கக் கலக்கத்துல கை நழுவிடுச்சு.”

“தெரியும். முதல்ல கையைக் காட்டு. ரத்தம் வருதா?”

“இல்ல. புது ஜாடி… திட்ட மாட்டியே?”

“ஜாடி கடையில கிடைக்கும். கை கிடைக்குமா?”

விசும்பல் கேட்டது.

“அட, எதுக்கு அழறே? இந்தா, செருப்பைப் போட்டுக்கிட்டு மெதுவா வா.”

“இப்படியெல்லாம் பேச உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?”

“நீதாம்மா! நான் உடைச்சா நீ இப்படித்தானே சொல்லுவே?” என்றாள் ஏழு வயது மகள், தன்னைவிட உயரமான துடைப்பத்தை இழுத்துக்கொண்டு. “அதுவும் நான் நாலு உடைச்சிருக்கேன். நீ ஒண்ணுதானே!”

இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்த நர்ஸ் அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். மகளின் வயதில் அவள் எதையாவது உடைத்தபோதெல்லாம், வீட்டில் எல்லோரும் உடைந்த பொருளைத்தான் பார்த்தார்கள்.

“துடைப்பத்தை அப்புறம் எடுக்கலாம்டி,” என்று இரண்டு கைகளையும் மகளிடம் நீட்டினாள்.

“என் கையை இன்னொரு தடவை பாரு. நல்லாப் பாரு.”