பேர் மூடின மனு

“வெள்ளைத்துரை, இன்னைக்கு நீ தொலைஞ்சலே!”

வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு, டைப் அடித்த அந்த மனுவை இரண்டாம் தடவை படித்தார் சுயம்புலிங்கம். முகமெல்லாம் பல். தி.நகரில் மூணு மாடி ஜவுளிக்கடைக்கு முதலாளி, இந்த வருஷம் வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர்.

சும்மா வந்த சிரிப்பில்லை அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஹாலில், இதே தலைவர் நாற்காலியில் வெள்ளைத்துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கடை சேல்ஸ்மேனை ஆசை காட்டி இழுத்த குற்றத்துக்காகச் சுயம்புலிங்கத்தை அறுபது பேர் முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வைத்தார். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கினாலும் அது மட்டும் இறங்கவில்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் மேல் யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். மனு ஒரு கவரில். யார், யார் மேல் கொடுத்தது என்கிற பேர்கள் ஒட்டின இன்னொரு கவரில். முதலில் தீர்ப்பு, அதில் தலைவர் கையெழுத்து, அப்புறம்தான் பேர் கவரைப் பிரிப்பார்கள். பேரைப் பார்த்துவிட்டு எவனும் நாக்கைப் புரட்டக் கூடாது பாருங்கள்! மனு கொடுத்தவர் பின்வாசல் வழியாக வந்து, அதுவரை பக்கத்து அறையில் காத்திருக்க வேண்டும்.

செயலாளர் அங்கமுத்து மனுவை உரக்கப் படித்தார்.

“நான் இருக்கிற இடத்துல என் சர்ட்டிபிகேட் எல்லாத்தையும் வாங்கி பீரோவுல பூட்டி வச்சிட்டாங்க. நான் கதை எழுதின ஏழு நோட்டும் அதுக்குள்ளதான் இருக்கு. சோறு போடுறேன், துணிமணி எடுத்துத் தர்றேன், பொட்டப்புள்ளைக்குப் பேனா எதுக்குன்னு கேக்குறாரு. எனக்கு காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. நாளைக்குள்ள ஒரிஜினலைக் காட்டலைன்னா அது போயிடும். நான் படிக்கணும். எழுதணும்.”

ஹாலில் இரண்டு பேர் ‘உச்’ கொட்டினார்கள்.

‘வெள்ளைத்துரை பேசுற பேச்சேதான்!’ என்று துள்ளியது சுயம்புலிங்கத்தின் மனசு. சேல்ஸ் கேர்ள் பிள்ளைகள் வேலையை விட்டு ஓடிவிடக் கூடாதென்று சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பூட்டுகிற ஆள் என்று தெருவுக்கே தெரியும். அந்த ஆளோ ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி மூணாவது வரிசையில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அங்கமுத்து தலையைச் சொறிந்தார். “சம்பளத்தப் பத்தி ஒரு வரி இல்லையே அண்ணாச்சி? கடைப் பிள்ளைன்னா மொதல்ல அதத்தானே எழுதும்?”

“பயந்து போயிருக்கும்வே! நீரு பேசாம இரும்.”

சுயம்புலிங்கம் மைக்கைப் பிடித்தார். புதன்கிழமை மகள் மேகலாவுக்குக் கல்யாணம் பேசிப் பூ வைக்கிற விசேஷம், அதற்கு எல்லாரையும் அழைக்க வேண்டும் என்று வந்தவருக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம்? வெள்ளைத்துரை கைகட்டி நிற்கிற கோலம்தான் கண்ணுக்குள் நின்றது.

“படிக்கிற புள்ளயத் தடுக்கிறவன் எல்லாம் ஒரு மனுசனா? சரஸ்வதியவே பூட்டி வச்சிருக்கான், அவன் வெளங்குவானா? நாளைக்கு அந்தப் புள்ள பெரிய ஆளா வந்தா, இவன் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பான்?”

கைதட்டல் ஹாலை அதிர வைத்தது. சுயம்புலிங்கத்துக்குச் சூடு இன்னும் ஏறியது.

“எழுதும்வே தீர்ப்ப! ஒண்ணு, சர்ட்டிபிகேட், நோட்டு எல்லாத்தையும் இன்னைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள அந்தப் புள்ள கையில குடுக்கணும். ரெண்டு, அது படிச்சு முடிக்கிற வரைக்கும் எவனும் குறுக்க நிக்கக் கூடாது. நின்னா சங்கமே போலீசுக்குப் போகும்.”

கொஞ்சம் நிறுத்தி, மூணாவது வரிசையை முறைத்தார். இதற்காகத்தானே இரண்டு வருஷம் காத்திருந்தார்!

“மூணு, எந்திரிச்சு நின்னு, இத்தன பேர் முன்னால அந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேக்கணும். உக்காந்துக்கிட்டே முணுமுணுக்கிற சோலியெல்லாம் ஆகாது.”

“கொஞ்சம் ஆறப்போட்டுச் சொல்லலாமே அண்ணாச்சி?” என்று இழுத்தார் அங்கமுத்து.

“ஆறப்போடுறதுக்கு இதென்ன இட்லியாவே? கொண்டாரும் பேப்பர!”

பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். மேலே சங்க முத்திரையையும் அவரே எடுத்துக் குத்தினார். இனி அந்த ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

“என்ன வெள்ளைத்துரை, உமக்குச் சம்மதம்தான?”

வெள்ளைத்துரை டம்ளரைக் கீழே வைத்தார். “முழுச் சம்மதம் அண்ணாச்சி. என் கடையில அந்தப் பழக்கத்த விட்டு ஒரு வருசம் ஆச்சு. எல்லாப் புள்ளைகளுக்கும் திருப்பிக் குடுத்தாச்சு, வந்து விசாரிச்சுக்கிடுங்க. இந்தப் பய யாருன்னு பார்க்க எனக்கும் ஆசையாத்தான் இருக்கு.”

சுயம்புலிங்கத்துக்குச் சப்பென்று போய்விட்டது. அப்படியென்றால் வேறு யார்? சரி, யாராக இருந்தால் என்ன? போட்ட கையெழுத்து போட்டதுதான்.

அங்கமுத்து பேர் கவரைப் பிரித்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

“என்னவே மென்னு முழுங்குதீரு? யாரு அந்தக் களவாணிப்பய? பேரச் சொல்லும்!”

பக்கத்து அறைக் கதவைத் திறந்துகொண்டு மேகலா வந்தாள்.

“எந்திரிச்சு நில்லுங்கப்பா.”