லிஸ்ட்ல நான் இல்ல

வேலையை விட்டு அனுப்பப்போகிறவர்களின் பட்டியல் வந்த காலை, கடல் தாண்டி வேலை பார்க்கும் தம்பி, பட்டியல்களில் ஆளைத் தேட ஆபீசுக்காகத் தானே எழுதிய புரோகிராமில் தன் பெயரைப் போட்டுப் பார்த்தான். ‘இல்லை’ என்றது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டான்.

“தப்பிச்சேன்க்கா! லிஸ்ட்ல நான் இல்ல!”

மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்னப்பா கொண்டாட்டம்? ரெண்டாவது பேரே உன்னோடதுதான்.”

“புரோகிராம் இல்லங்குதே சார்?”

“யாரைத் தேடினாலும் அது இல்லன்னுதான் சொல்லும். டைப் பண்ற ஒவ்வொரு பேரையும் யாரோ புது ஆளுன்னு நினைச்சுக்குது. பேர் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணுதான்னு நீ அதுக்குச் சொல்லியே தரலையே! அதுக்குத்தான் உன்னை அனுப்புறோம்.”

போனில் அக்கா கத்தினாள்: “டேய், வீடே குதிக்குதுடா!”

“அக்கா... எல்லாரையும் கொஞ்சம் உட்காரச் சொல்லேன்.”