நுரை அடித்த வீடு

“உன் நுரையை நம்பி என் வீடு போச்சேடா, பாவி!”

வாசலில் கேட்ட சத்தத்தில் உசாமாவுக்குப் பகீரென்றது. பாம்பன் முருகலட்சுமி. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்த கோபமும் சேர, ராமநாதபுரத்தில் இருந்த அவனுடைய பட்டறையின் படியேறி வந்துகொண்டிருந்தாள்.

வர வேண்டிய நேரமா இது? எதிரே ஏர்வாடி வாவு முகம்மது உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். போன வாரப் புயலில் அவருடைய கருவாட்டு குடோனின் தகரக் கூரை மொத்தமும் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. புதுக் கூரை போடுகிறார். அதற்கு அடியில் நுரை அடிக்கும் வேலை கிடைத்துவிட்டால் உசாமா நிமிர்ந்துவிடுவான். சவூதியில் கற்றுக்கொண்டு வந்த தொழில் அது. மெஷினில் பீய்ச்சியதும் பொங்கும், சற்று நேரத்தில் பலகையாய் இறுகிவிடும். ஆனால் ஊரில் யார் கேட்கிறார்கள்? படகுகளின் ஐஸ் பெட்டிக்கு அடித்தே அவன் காலம் போய்க்கொண்டிருந்தது.

“சூட்டைத் தடுக்கும், அது தெரியும். காத்துக்கு நிக்குமாங்கிறேன்?” என்று அவர் கேட்டிருந்தார்.

“நிக்கும் மாமா. தகரத்தையும் கம்பியையும் ஒண்ணாப் புடிச்சு ஒட்டிரும். இடுக்கு இருந்தாத்தான காத்து உள்ள பூந்து தூக்கும்? பாம்பன்ல ஒரு வீட்டுக்கு அடிச்சிருக்கேன், வேணும்னா கேட்டுப் பாருங்க” என்று சொல்லி அவன் வாயை மூடவில்லை. கூப்பிடாமலே சாட்சி வந்துவிட்டது.

“அக்கா, உள்ள வாங்க. உக்காந்து பேசுவோம்.”

“உக்காரவா வந்தேன்? ஏலே, வெக்கை தாங்கலைன்னுதான உன்னைக் கூப்பிட்டேன்? ‘எந்தப் புயலு வந்தாலும் கவலைப்படாதீகக்கா’ன்னு நெஞ்சைத் தட்டிச் சொன்னியா இல்லையா?”

“சொன்னேன்.”

“இப்பத் தெருவே சிரிக்குதுடா! நேத்து புயல் சேதம் பாக்க ஆபீசருக வந்தாக. என் வீட்டு முன்னாடி நின்னு மேல பாத்தாக, உதட்டைப் பிதுக்கிட்டுப் போயிட்டாக.”

வாவு முகம்மது டீ கிளாஸைக் கீழே வைத்தார். வைத்த விதமே உசாமாவுக்குப் பிடிக்கவில்லை.

புயலுக்குப் பிறகு அவன் பாம்பன் பக்கம் போகவில்லை. விசாரிக்கலாம் என்று போனைக் கையில் எடுப்பான், பயந்துகொண்டு வைத்துவிடுவான். அவன் அடித்த ஒரே வீடு அது. ஏணியில் நின்று, ஒரு இடுக்கு விடாமல் பார்த்துப் பார்த்து அடித்த வேலை. அது எப்படிப் போகும்? அவமானமும் ஆத்திரமும் தலைக்கு ஏறின.

“என் வேலையில குத்தமில்லக்கா. கம்பியெல்லாம் துருப்புடிச்சிருக்கு, மாத்துங்கன்னு சொன்னேன். உங்க வீட்டுக்காரரு கேட்டாரா?”

“அவரு மேல பழி போடுறியா? இந்த நுரையே வேண்டாம்னு அந்த மனுசன் தலையில அடிச்சுக்கிட்டாரு. நான்தான் உன் பேச்சைக் கேட்டு மோசம் போயிட்டேன்!”

“கத்தாதீக! யாவாரத்துக்கு வந்தவங்க முன்னாடி...”

“கத்துவேன்டா! என் பொழப்பைக் கெடுத்துட்டு யாவாரமாம் யாவாரம்! என்ன பாய், நீங்களும் இவன்கிட்ட நுரை அடிக்கவா வந்தீக? என் கதியைப் பாத்துக்கங்க.”

பாய் பார்த்துக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டு, “நான் பெறகு வாரேன் தம்பி” என்று எழுந்தார். அந்தப் ‘பெறகு’வுக்கு என்ன அர்த்தம் என்று உசாமாவுக்குத் தெரியாதா? அவர் வெளியே போய் பைக்கில் ஏறிச் சாவியைப் போட்டார்.

கண்ணெதிரே பிழைப்பு போகிறது. உசாமா முருகலட்சுமியின் பக்கம் திரும்பினான்.

“இப்ப உங்களுக்கு என்னதான்க்கா வேணும்? பறந்த தகரம் போகட்டும். இன்னிக்கே என் செலவுல புதுசு மாட்டித் தாரேன், போதுமா?”

“தகரம் பறந்துச்சா?” முருகலட்சுமிக்கு அழுகையே வந்துவிட்டது. “பறந்திருந்தா நான் எதுக்குடா உன்கிட்ட வாரேன்? எங்க தெருவுல அத்தனை வீட்டுக் கூரையும் பறந்து, அத்தனை பேருக்கும் கான்கிரீட் வீடு கட்டித் தாரோம்னு சொல்லிட்டாக. என் வீடு மட்டும் ஆடாம அசையாம நிக்கிது, உனக்கு எதுக்கு வீடுன்னு கேக்குறாக!”

வாவு முகம்மது சாவியை உருவிக்கொண்டு பைக்கை விட்டு இறங்கினார்.

“வந்து நீயே பிச்சு எடுடா! எங்க வீட்டுக்காரரு விடிஞ்சதுலருந்து கடப்பாறையைப் போட்டு நெம்புறாரு, ஒரு தகரம்கூட வர மாட்டேங்குது!”