களியை மென்றவள்

இருபத்து மூன்றாவது கடிதம் ரத்தினவேலைத் தூக்கிவாரிப் போட்டது.

அதுவரை வந்த இருபத்திரண்டும் ஒரே பாட்டு. 'அம்மா, உங்கள் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தேன், அழுதேன்.' நஞ்சன்கூட்டு டீச்சர் ஒருவர் மூன்று தடவை அழுதாராம். எந்தெந்தப் பக்கத்தில் என்று எண் போட்டு வேறு எழுதியிருந்தார்.

புத்தகத்தை எழுதியது ரத்தினவேலின் கடைசித் தங்கை சரசு. மைசூரில் நர்ஸ் வேலை. அப்பா செத்த பிறகு சொந்த ஊரான ராமாபுரத்தில் அவர்கள் பட்டினி கிடந்து வளர்ந்த கதை. வருஷத்துக்கொரு வாடகை வீடு மாறுகிறவள் என்பதால், பின்னட்டையில் அண்ணன் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தாள்.

வருகிற கடிதங்களை முதலில் அவர்தான் பிரிப்பார். தங்கைக்கு வருவதை அண்ணன் படிக்கக் கூடாதா என்ன?

இந்தக் கடிதம் ராமாபுரத்திலிருந்தே வந்திருந்தது. அடியில் மாதப்பன் என்று கையெழுத்து.

'நாற்பத்தொன்றாம் பக்கத்தில், ராகிக் களியை வெகுநேரம் மென்று தின்றோம் என்று எழுதியிருக்கிறீர்கள். களியை யாரம்மா மெல்லுவார்கள்? கிள்ளி, உருட்டி, சாற்றில் தொட்டு, பல்லில் படாமல் விழுங்குவதுதானே நம் பக்கத்து வழக்கம்? களி தின்று வளர்ந்த குழந்தைக்கு இதை ஒருத்தர் சொல்லித்தர வேண்டுமா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். நீங்கள் பட்டினி கிடந்தவர் இல்லை.'

மாதப்பன் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. சரியாகத்தானே கேட்டிருக்கிறான் என்று பட்டது.

மைசூருக்கு வந்த புதிதில், தொழிற்சாலை கேண்டீனில் ரத்தினவேல் முத்தே என்கிற களி உருண்டையை விழுங்குகிற வேகத்தைப் பார்த்துத்தான் கன்னடக்காரர்கள் அவரை நம்ம ஆள் என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள். களி விஷயத்தில் அவரிடம் கதை விட முடியாது.

மூன்று தங்கைகளுக்கு ஒரே அண்ணன். அந்த வீட்டில் அவருக்குத் தெரியாத பசி ஒன்று இருக்க முடியுமா?

பென்சிலை எடுத்துக்கொண்டு புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். மழைக்கு ஒழுகிய கூரை, சரி. ஒரு நல்ல பாவாடையை மூன்று பேரும் மாற்றி மாற்றிக் கட்டியது, இருந்திருக்கலாம். அரைவயிற்றோடு படுத்த நாட்கள். அங்கே கேள்விக்குறி போட்டார். அம்மா ஒருநாளும் அப்படி விட்டதில்லையே.

படிக்கப் படிக்க எல்லாமே சந்தேகமாக இருந்தது. ஏழாம் பக்கத்து ஆடு கூட அவர்கள் வீட்டு ஆடுதானா என்று யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் சரசுவுக்குப் பாராட்டு. புத்தகத்தில் உள்ளதெல்லாம் நடந்தது என்று கூடப்பிறந்த அண்ணன் மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும். நோட்டீஸில் பெயர் அச்சாகிவிட்டது. ரத்தினவேல் சொன்னால் சரியாக இருக்கும் என்று முப்பது வருஷமாகப் பேர் எடுத்தவர் அவர். பொய்க்குச் சாட்சி சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் தங்கை மானம் கப்பலேறும்.

சனிக்கிழமை மத்தியானம் டியூட்டி முடிந்து சரசு வந்தாள். செருப்பைக் கழற்றக்கூட விடாமல் கடிதத்தை நீட்டினார்.

அவள் நின்றபடியே படித்தாள். மாட்டிக்கொண்ட முழி தெரிகிறதா என்று அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிதானமாகக் கடிதத்தை மடித்தாள்.

"ஏஞ் சரசு, படிக்கிறவங்க அழோணும்னு சேத்து எழுதினியா? நம்ம ஊட்டுல எவன் களிய மென்னான்?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் அவர் நம்பவில்லை.

"அண்ணா, உனக்கு அம்மா முழு உருண்டை போடும். நீ தின்னுப்போட்டு வெளிய போனதுக்கப்புறந்தான் எங்களுக்கு. மூணு பேத்துக்கும் சேத்து ஒரு உருண்டை. முழுங்குனா ஒரு நிமிசத்துல தீந்துபோயிரும், மென்னு தின்னுங்க புள்ளைங்களான்னு அம்மாதான் சொல்லும்."



தங்கைகள் சாப்பிடுகிற ஒரு காட்சியாவது கண்ணுக்குள் வருகிறதா என்று தேடினார். வரவில்லை. ஆண்பிள்ளை தின்று கைகழுவி எழுந்த பிறகு அடுக்களையில் என்ன நடந்தது என்று, பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிந்த அளவுகூட அவருக்குத் தெரியாது. வயசு ஐம்பத்திரண்டு. வெட்கமாக இருந்தது.

மேஜைமேல் இருந்த புத்தகத்தை எடுத்து நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டினார். அம்மா களி கிண்டியது இருந்தது. மென்று தின்றது இருந்தது. முழு உருண்டையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அவரைப் பற்றியும் இல்லை.

அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். 

சரசு குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"எழுதித்தான் வச்சிருந்தேன். அச்சுக்குப் போறப்ப அந்த வரிய அடிச்சுப்போட்டேன். படிக்கிறவங்க உன்னைய வைவாங்கல்ல."