வெயில் காணாது

"என்ர மனிசனுக்கு வெயில் காணாதாம்."

மரியமலர் பெறுபேற்றுத் தாளை உயர்த்திப் பிடித்து, இரத்தப் பரிசோதனை நிலையத்தில் காத்திருந்த அனைவருக்கும் அறிவித்தாள்.

கதிரைகளில் இருந்தவர்கள் வாசலில் நின்ற அவள் கணவர் கிறிஸ்தோபரைத் திரும்பிப் பார்த்தார்கள். சல்லி என்ற மீனவக் கிராமத்தில் பிறந்து, கடலிலேயே வளர்ந்த மனிதர். அவரோ தமது செருப்பைப் பார்த்தார்.

"கருவாட்டுக்கு வெயில் காணாதெண்டு சொல்லுங்கோ, நம்புறன். கடலுக்குப் போற ஆளுக்கு வெயில் காணாதோ, நானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நிலையத்தை நடத்தும், அவள் 'நானா' என்று அண்ணன் முறை சொல்லி அழைத்த ஸுஹைருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பிழை விடாதவர் என்ற பெயரை நம்பித்தான் துறைமுகத் தெருவில் அவருடைய பிழைப்பு நடந்தது.

"தங்கச்சி, கால் நோவுக்கு டொக்டர் எழுதித் தந்த சோதனை இது. வைற்றமின் டி குறைவு; உடம்பில வெயில் போதாட்டித்தான் இப்பிடி வரும். நம்ப ஏலாமல் நானே ரெண்டாந்தரமும் கொழும்புக்கு அனுப்பினனான். அதே முடிவுதான் வந்தது."

"அப்ப ரெண்டு தரமும் பிழை."

"இரத்தம் பொய் சொல்லாது."

"போத்தல் மாறினால் சொல்லும். இது ஆரோ கந்தோரில விசிறிக்குக் கீழ இருக்கிற ஐயாவின்ர இரத்தம்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு காத்திருந்த துறைமுக எழுதுவினைஞர் ஒருவர், அதை மீண்டும் இறக்கிவிட்டு எழுந்து போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

ஸுஹைர் பொறுமை இழந்தார். "அப்படியெண்டால் அவரையே கேப்பம். தம்பி, நீங்கள் ஒழுங்காகக் கடலுக்குப்..."

"அவரிட்ட என்ன கேள்வி?" மரியமலர் குறுக்கே வந்து நின்றாள். "பிழை விட்டது நீங்கள். ஒத்துக்கொள்ளுங்கோ."

"வா, போவம். பாவம் அந்த மனிசன்" என்றார் கிறிஸ்தோபர். வரும்போது குனிந்திருந்த தலை, போகும்போது நிமிர்ந்திருந்தது.

வெறுங் கதிரைகளின் நடுவே ஸுஹைர் தனித்திருந்தார். வாயை வைத்தே ஒருவனின் பிழைப்பைக் கெடுக்கும் பெண்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டார்.

சற்று நேரத்தில் அந்தப் பெண்ணே திரும்பி வந்தாள், தனியாக.

"குடையை விட்டிட்டனெண்டு சொல்லிப்போட்டு வந்தனான். கெதியாச் சொல்லுங்கோ. வைற்றமின் டி குறைஞ்சால் என்ன சாப்பாடு குடுக்கிறது?"

"முட்டை மஞ்சட்கரு, மீனெண்ணெய்... சோதனை பிழையெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"உங்கட சோதனையில ஒரு பிழையும் இல்லை. நாளைக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால என்ர இரத்தத்தையும் தாறன். உங்கட பேரை நான் திருத்திப்போடுவன், நானா."

"பிறகேன் இவ்வளவு சத்தம் போட்டனீங்கள்?"

அவள் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். குரல் தாழ்ந்தது.

"சூறாவளியில வள்ளம் கவிண்டதிலயிருந்து மனிசனுக்குக் கடலெண்டால் பயம். விடிய முதல் போனால் இருட்டின பிறகுதான் வருவார். வேலை ஐஸ் பக்டரிக்குள்ள. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். இரவில 'இப்பதான் பிடிச்சனான்' எண்டு மீனைக் கொண்டுவந்து தருவார். செவுளுக்குள்ள ஐஸ் கிடக்கும். அவர் பாக்காத நேரம் தட்டிவிட்டிட்டுத்தான் கறி வைக்கிறனான்."